நாலுக்கு ஒன்று

ஒன்பதுக்கு முன் விடியாது எல்ஜினில்.
மூன்றரைக்கெல்லாம் விளக்கைத் தேடவேண்டும்.
இடையில் இருபத்திரண்டு வீடு,
நூற்றுத் தொண்ணூறு சன்னல்,
ஒரு வேன், இரண்டு ஏணி,
நான், செங்கா பீட்ரி.

செங்கா என்பது
ஆக்னஸைத் திருப்பிப் போட்டால் வருகிற பெயர்.
தலைகீழாவது பெயரோடு நிற்கட்டும் என்பாள்
ஏணியின் காலைப் பிடித்தபடி.
காலைப் பிடிப்பதில்
கேவலம் ஒன்றுமில்லாத தொழில் எங்களுடையது.

நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி.
கூடினால் கால் வழுக்கும்.
குறைந்தால் மல்லாக்கச் சாயும்.
இருபது வருடமாய் இந்த ஒரு வாய்ப்பாடுதான்
எனக்கு முழுசாய்த் தெரியும்.

இன்று செங்காவுக்குக் கடைவாய்ப் பல்.
டாக்டரிடம் போயிருக்கிறாள்.

லம்ஸ்டன் அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார்,
கையில் காலிக் கெட்டில்.
"நீ வருவாய் என்று
படியெல்லாம் வென்னீர் ஊற்றி வைத்தேன், ராஃபன்.
பனி ஒரு பொட்டு இல்லை பார்."

பார்த்தேன்.
கல் கறுப்பாய், ஈரமாய், பளபளவென்று.
யாரும் துடைக்காமல் அவ்வளவு சுத்தமான கண்ணாடியை
நான் கண்டதில்லை.
தரையில் கிடந்தது.

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?
உப்பைத் தூவினேன்.
வேனிலிருந்து பழைய கம்பளத் துண்டை இழுத்து
ஏணியின் ரப்பர்க் காலுக்கடியில் விரித்தேன்.
கீழ்ப்படியில் ஏறிக் குதித்தேன் இரண்டு தரம்.
அசையவில்லை.
அசையாததை நம்பினேன்.

மாடி அறையில்
சாராய ஆலையின் ராத்திரி வேலை முடித்த வாடகைக்காரர்
வாய் பிளந்து தூங்கினார்.
வாளித் தண்ணீரில் ஸ்பிரிட் கலந்திருந்தேன்,
கண்ணாடியில் உறையாமலிருக்க.
கை முழங்கைவரை சொட்டிற்று.
சொட்டியது எங்கே போகிறது என்று
யார் பார்க்கிறார்கள்?

இறங்கும்போது பார்த்தேன்.
நாலாம் படியிலும் ஆறாம் படியிலும்
என் கை வழித்த தண்ணீர்
வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
ஸ்பிரிட்டுக்கும் ஒரு எல்லை உண்டு.
நான் ஏறிய ஏணி வேறு,
இறங்குகிற ஏணி வேறு.

ஏற்றிவிட்டு ஏணியை வாங்குகிற ஆட்களை
எனக்குத் தெரியும். ஒருவரிடம் ஆறு வருடம் வேலை பார்த்தேன்.
இன்று
அந்த ஆள் நானேதான்.

வலது கால் போயிற்று.
முட்டி படியில் மோதி மாட்டியது.
இரண்டு கையும் அலுமினியத்தில் ஒட்டிக்கொள்ள
அப்படியே நின்றேன்,
கன்னத்தில் ஏணி.
உள்ளே அவர் புரண்டு படுத்தார்.
ஒரு காகம் புகைபோக்கியிலிருந்து எழும்பிப் போயிற்று.

பிறகு இடுப்பிலிருந்த சுரண்டுகத்தியால்
ஒவ்வொரு படியாய்ச் சுரண்டினேன்.
ஆறு படிக்குப் பதினேழு நிமிடம்.
தரை வந்தபோது
அதை நம்பவும் நேரம் பிடித்தது.

"பின்பக்கம் இரண்டு பாக்கி" என்றார் லம்ஸ்டன் அம்மாள்,
டீயை நீட்டி.
"அழுக்கு மார்ச் வரை தாங்கும்" என்றேன்.
முகம் சுருங்கியது.
பாதிக் காசைத்தான் எண்ணி வைத்தார்,
அதுவும் ஈரக் கையுறை மேல்.
மீதி வீடுகளுக்குப் போகவில்லை.
முட்டி வேன் பெடலில் புலம்பிக்கொண்டே வந்தது.

ராத்திரி செங்கா போன் செய்தாள்.
மருந்து இன்னும் இறங்கவில்லை,
வார்த்தைகள் ஒரு பக்கமாய் வழிந்தன.
"எத்தனை வீடு?"
"ஏழு."
"யார் காலைப் பிடித்தது?"

பொய் நுனிநாக்கில் இருந்தது.
"யாருமில்லை."

கொஞ்ச நேரம் கம்பியில் மூச்சு மட்டும்.
பிறகு திட்டினாள்.
மரத்த பாதி வாய் சொன்னது
ஒன்றும் விளங்கவில்லை.
மரக்காத பாதி சொன்னது
நன்றாகவே விளங்கியது.